படத்தைச் சுட்டவர்கள்

1968 செப்டம்பர் 10, அதிகாலை. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் பணியில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள், குடித்த நிலையில், க்ரோவ் தெருவில், கறுப்பர் விடுதலைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் தலைமை அலுவலகத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஆள் யாரும் சாகவில்லை. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது; அதில் ஒட்டியிருந்த சுவரொட்டி சல்லடையானது. விசிறி போல விரிந்த முதுகுள்ள பிரம்பு நாற்காலியில், ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் ஈட்டியுமாகக் கட்சித் தலைவர் ஹியூ நியூட்டன் அமர்ந்திருக்கும் படம் அது. போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றதாக நடந்த வழக்கில், நியூட்டன் மீதான கொலைக் குற்றச்சாட்டை ஏற்காமல் அதைவிடக் குறைந்த குற்றத்தை மட்டும் ஜூரிகள் உறுதி செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மனிதர் சிறையில் எட்டாத இடத்தில் இருந்தார். படம் எட்டும் இடத்தில் இருந்தது. அந்த ஜன்னலைப் பர்க்கிள் ஜோன்ஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் இன்றும் கிடைக்கிறது. சுட்ட இருவரும் வேலையை இழந்தார்கள்.

காகிதத்தைச் சுடுகிறவன் அதை வெறும் காகிதமாக நினைத்திருக்க முடியாது. உருவ வழிபாட்டைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டவன் நான். படத்துக்குள் ஆள் இருக்கிறார் என்று இவ்வளவு முழுமையாக நம்பியவர்களை எந்தப் பிரசங்கத்திலும் சந்தித்ததில்லை.

நான் பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்தியவன். சீர்திருத்தச் சபைக் குடும்பம். எங்கள் வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் தவிர வேறு எதுவும் தொங்கக் கூடாது என்பது என் தாத்தா காலத்துச் சட்டம். இயேசுவின் படம்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் வீட்டில்தான் அதைப் பார்ப்பேன். அப்படி வளர்ந்தவன் பிழைப்புக்காக வாழ்நாள் முழுவதும் படம் அச்சடித்தேன் என்பது வேடிக்கைதான். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஓவியர் எமரி டக்ளஸின் ஓவியங்களைத் தொகுத்து 2007இல் வெளிவந்த பெரிய புத்தகத்தை எனக்குக் கொடுத்தான். 'மாமா, உங்க தொழில்காரர்' என்றான். அதைப் புரட்டிப் புரட்டித்தான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது: ஒடுக்கப்பட்டவர் தம் விடுதலைக்காக எழுப்பும் உருவம் எப்போது நியாயமானது, எப்போது விக்கிரகம் ஆகிறது?

இந்தக் கேள்விக்குத் திருச்சபை ஏற்கெனவே ஒருமுறை ரத்தம் சிந்தியிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களைத் தடை செய்தார். உருவங்களை அழித்தார்கள், அவற்றைக் காத்த துறவிகளைத் துன்புறுத்தினார்கள். 787இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம் ஒரு விதி வகுத்தது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. உருவத்துக்குச் செலுத்துவது மரியாதை, அந்த மரியாதை உருவத்தில் தங்காது. உருவம் யாருடையதோ அவரைப் போய்ச் சேரும். சண்டை முற்றிலும் ஓய 843 வரை ஆனது. என் தாத்தா இந்த விதியை ஏற்றிருக்க மாட்டார். நான் ஏற்கிறேன். மரியாதை யாரைப் போய்ச் சேருகிறது என்று கேட்டால் ஒரு சுவரொட்டியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

முதலில் அந்த நாற்காலிப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1967இல் கட்சித் தோழர் எல்ட்ரிட்ஜ் க்ளீவர் திட்டமிட்டு ஜோடித்து எடுக்க வைத்தது அது. அரியணை, ஆயுதம், நேர்ப்பார்வை: ஓர் அரசனின் திருமேனிக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. நியூட்டன் சிறையில் இருந்தபோது கட்சி அந்தப் படத்தைச் சுற்றியே நின்றது. மரியாதை எங்கே போயிற்று? நேராக நியூட்டனிடம். 1970இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி அவர் வெளியே வந்தார். வந்தவர் படத்துக்கு இணையாக இல்லை. எந்த மனிதனாலும் அப்படி இருக்க முடியாது. போதைப் பழக்கம், அவர்மேல் அடுத்தடுத்து வன்முறைக் குற்றச்சாட்டுகள், கடைசியில் 1989 ஆகஸ்ட் 22 அன்று மேற்கு ஓக்லாந்துத் தெருவில் போதைமருந்து விற்பவன் ஒருவனின் குண்டு. நியூட்டனைக் குறை சொல்ல நான் யார். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். உயிரோடிருக்கும் ஒரு மனிதனின் பெயரில் மரியாதையைக் குவிப்பது அவனுக்கும் கேடு, குவிப்பவர்களுக்கும் கேடு.

எமரி டக்ளஸ் செய்தது வேறு. அவர் 1943இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து, எட்டு வயதில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டபோது அங்கிருந்த அச்சகத்தில்தான் தொழிலின் முதல் பாடம். பிறகு சிட்டி காலேஜில் விளம்பர ஓவியம் படித்தார். 1967 தொடக்கத்தில் நியூட்டனையும் அவரோடு கட்சியைத் தொடங்கிய பாபி சீலையும் சந்தித்தார். சீல் தட்டச்சு இயந்திரத்தையும் மார்க்கர் பேனாவையும் வைத்துக்கொண்டு பத்திரிகை தயாரிக்கப் பாடுபடுவதைப் பார்த்து, என்னிடம் சாமான் இருக்கிறது என்று சொல்லி, வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாராம். கட்சி அவரைப் பண்பாட்டு அமைச்சர் ஆக்கியது. 'தி பிளாக் பேந்தர்' பத்திரிகையின் முதல் இதழ் 1967 ஏப்ரல் 25 அன்று வந்தது. ரிச்மண்ட் பகுதியில் போலீஸ் சுட்டுக் கொன்ற டென்சில் டவல் என்ற 22 வயது இளைஞனுக்கு நியாயம் கேட்டு வந்த இதழ் அது. அடுத்த சில ஆண்டுகளில் வாரம் ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியது. விலை 25 சென்ட். பின்னட்டை முழுவதும் பெரும்பாலும் டக்ளஸின் படம்; கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

தொழில்காரன் கண்ணோடு சொல்கிறேன், அந்தப் பின்னட்டைகள் வறுமையின் உச்சத்தில் செய்த வித்தை. கறுப்புக்கு மேல் ஒரே ஒரு வண்ணம்தான் கட்டுப்படியாகும். காகிதமோ மலிவான நியூஸ்பிரின்ட், மையை உறிஞ்சிக் குடிக்கும். நுணுக்கமான கோடு போட்டால் கசிந்து காணாமல் போகும். அதனால் டக்ளஸ் மரச்செதுக்கு அச்சைப் போலத் தடித்த கோடு இழுத்தார். சாம்பல் நிறம் வேண்டிய இடத்தில் கடையில் விற்கும் புள்ளித் தாள்களை வெட்டி ஒட்டினார், கோட்டுக்குள்ளே புகைப்படத் துண்டுகளைச் சொருகினார். இரண்டாவது வண்ணம் கொஞ்சம் நகர்ந்து விழுந்தாலும் படம் கெடாது. ரிஜிஸ்டர் பிசகினால் என்ன பாடு என்று தெரிந்த அச்சகக்காரன் மட்டுமே இப்படி வரைவான்.

வரைந்தது யாரை? பெயர் தெரியாதவர்களை. குழந்தையை ஏந்திய தாய்கள், தலையில் ரோலர் சுருட்டிய பெண்கள், மளிகைப் பையைத் தூக்கிவரும் கிழவிகள், பத்திரிகை விற்கும் சிறுவன். அவர்கள் தலைக்குப் பின்னால் சூரியக் கதிர் போலக் கோடுகள் பாயும். 1971இல் வந்த ஒரு படத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிறுவன் சிரிக்கிறான். கண்ணாடி வில்லைகளுக்குள் கட்சியின் திட்டங்களால் பயனடைந்த பிள்ளைகளின் புகைப்படங்கள்; பின்னால் கதிர்கள். அது ஒளிவட்டம்தான், வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. எங்கள் அச்சகத்திலும் ஒளிவட்டம் போட்டிருக்கிறோம், கண்ணீர் அஞ்சலிக்கு. செத்தவருக்குத்தான் போட்டோம். டக்ளஸ் உயிரோடு இருக்கும்போதே போட்டார், அதுவும் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு.

நிசேயாவின் விதியை இங்கே வைத்துப் பாருங்கள். பெயரில்லாத தாயின் படத்துக்குச் செலுத்தும் மரியாதை யாரிடம் போகும்? போவதற்கு ஒரு தலைவர் இல்லை. மேற்கு ஓக்லாந்தில் கையில் பையோடு அந்தச் சுவரைக் கடந்து போகும் பெண் ஒருத்தி நின்று பார்க்கிறாள். ரோலர் சுருட்டிய அதே தலை, அதே கை. மரியாதை படத்திலிருந்து கிளம்பி அவளிடமே வந்து சேருகிறது. சேரிதான் புரட்சிக் கலைஞனின் காட்சிக்கூடம் என்று டக்ளஸ் எழுதியதற்கு நான் கொள்ளும் பொருள் இது. பார்க்க வந்தவளே படத்தின் மூலம். மனிதன் இறைச்சாயலில் படைக்கப்பட்டவன் என்ற விவிலியத்தின் முதல் அதிகாரக் கூற்றை நான் நூறு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு வண்ண நியூஸ்பிரின்ட்டில் அதை வேறு யாரும் காட்டியதில்லை.

அந்தத் தாய்களின் தோளில் துப்பாக்கி தொங்குகிறதே என்று கேட்பீர்கள். தொங்குகிறது. அதைப் பார்க்காதது போல் நடித்துக்கொண்டு இந்தப் படங்களைப் புகழ்வது நேர்மை ஆகாது. ஆயுதமேந்திய புனிதர் நமக்குப் புதியவரும் அல்லர். நம் ஊர்க் கோயில்களில் சந்தியாகப்பர் குதிரைமேல் வாளோடுதான் வருகிறார், மிக்கேல் சம்மனசு ஈட்டியோடு நிற்கிறார், யாரும் பதறுவதில்லை. இருந்தாலும், எனக்கு அந்தத் துப்பாக்கிகள் உவப்பில்லை. டக்ளஸின் படங்களில் காலப்போக்கில் அவை குறைந்தன. கட்சி 1969 ஜனவரியில் ஓக்லாந்தின் புனித அகுஸ்தீன் ஆலயத்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கியது. 1972 மார்ச்சில் பத்தாயிரம் மளிகைப் பைகளைக் கொடுத்தது, பைக்கு ஒரு கோழி. துப்பாக்கி இருந்த கைகளில் இப்போது அந்தப் பைகள் வந்தன, கோழியின் கால் வெளியே நீட்டிக்கொண்டு. ஒளிக்கதிர் மட்டும் மாறவில்லை. எஃப்.பி.ஐ. இந்தக் காலை உணவையும் பத்திரிகையையும் கண்டு துப்பாக்கிக்குக் குறையாமல் அஞ்சியது. பத்திரிகை மீது நாற்றமடிக்கும் ரசாயனம் தெளிக்கலாமா என்றுகூட யோசித்தார்கள் என்பது பின்னாளில் செனட் விசாரணையில் வெளிவந்தது.

இதே காலத்தில் டெட்ராய்ட்டில் ஒரு சபை இன்னும் துணிந்தது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. லின்வுட் சாலையில் இருந்த அந்த ஆலயம் முன்பு வெள்ளையர் சபைக்குச் சொந்தமானது. யாத்திரிகத் தந்தையர் அமெரிக்கக் கரையில் இறங்கும் காட்சி வண்ணக் கண்ணாடியில் பீடத்துக்கு மேலே இருந்தது. போதகர் ஆல்பர்ட் கிளீஜ் அதை மறைத்து ஒரு கறுப்பு மாதாவின் ஓவியத்தை நிறுவினார். வரைந்தவர் கிளான்டன் டவ்டெல், சிறைவாசம் முடித்து வந்த ஓவியர். மாதாவுக்கு முகம் தந்தவள் அந்த வட்டாரத்து இளம் தாய் ஒருத்தி. நான்கு மாதம் கழித்து ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் எரிந்தது. அதே லின்வுட் சாலையில் குருமடம் ஒன்றின் வாசலில் நின்ற வெள்ளை இயேசு சிலையின் முகத்திலும் கைகால்களிலும் யாரோ கறுப்பு வண்ணம் பூசினார்கள். உடைக்கவில்லை, பூசினார்கள். வேறு சிலர் வந்து வெள்ளையடித்தார்கள். குருமடம் மறுபடி கறுப்பாக்கி அப்படியே விட்டுவிட்டது. வார்னர் சால்மன் 1940இல் வரைந்த வெளிர்ப்பழுப்புக் கேச இயேசுவின் படம் உலகமெங்கும் கோடிக்கணக்கில் அச்சாகி, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் வழியாக என் கண்ணுக்கும் வந்தது. அந்தப் படத்துக்குக் காட்டிய மரியாதை இத்தனை காலம் யாரைப் போய்ச் சேர்ந்தது என்று என் தாத்தாவும் கேட்கவில்லை, அதை மாட்டியவர்களும் கேட்கவில்லை.

இனி பன்றிக்கு வருகிறேன். டக்ளஸைப் புகழ்கிறவர்கள் இங்கே நடையைக் கூட்டி விடுவார்கள். நான் நிற்க வேண்டியிருக்கிறது.

போலீஸ்காரனைப் பன்றியாக வரையும் வழக்கத்தைப் பரப்பியவர் டக்ளஸ்தான். முதலில் நியூட்டனும் சீலும் கேட்டது எளிய விஷயம்: ஒரு பன்றி, அதன்மேல் ஒரு போலீஸ் பேட்ஜ் எண். அந்த வாரம் எந்தப் போலீஸ்காரன் மக்களைத் துன்புறுத்தினானோ அவனுடைய எண். வாரந்தோறும் எண் மாறும். டக்ளஸ் பன்றியை இரண்டு காலில் நிமிர்த்தி நிறுத்திச் சீருடை மாட்டினார், சுற்றி ஈ மொய்க்க வைத்தார். நாளடைவில் எண் போயிற்று. எல்லாப் போலீஸும் பன்றி, பிறகு ஜனாதிபதி, செனட்டர், முதலாளி எல்லோரும் பன்றி. எண் இருந்தவரை அது புகார் மனு. எண் போனபின் அது சாபம்.

இதற்குச் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். சீருடையைக் கழற்றலாம், தோலைக் கழற்ற முடியாது. ஆகவே பன்றி என்பது பதவியைக் குறிக்கும், மனிதனை அல்ல. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. 1969 டிசம்பர் 4 அன்று சிகாகோவில் ஃப்ரெட் ஹாம்ப்டன் என்ற 21 வயதுத் தலைவரை விடியுமுன் படுக்கையிலேயே சுட்டுக் கொன்ற போலீஸ்காரர்களைப் பற்றி யோசித்தால் பன்றி என்பது கருணையான வார்த்தையாகக்கூடத் தோன்றும். ஆனால் உருவத்துக்குப் போகும் மரியாதை மூலத்தைச் சேரும் என்று தாய்களின் படத்துக்கு ஒப்புக்கொண்டவன், உருவத்துக்குப் போகும் அவமதிப்பும் மூலத்தைச் சேரும் என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒரு விதியைப் பாதியாக நறுக்கிப் பிடித்தது மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. மனிதனுக்கு மிருக முகம் போடும் கலையை அமெரிக்கா அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் கறுப்பர்கள் மேல்தான் பழகியிருந்தது. குரங்காக வரைந்தார்கள், விளம்பரத்தில், அஞ்சலட்டையில், சோப்பு டப்பாவில். அந்தக் கருவியைத் திருப்பிப் பிடித்தால் அது விடுதலைக் கருவி ஆகிவிடாது.

சாட்சி டக்ளஸின் கையே. தாய்களை வரிசையாக வையுங்கள். ஒருத்தி முகம் இன்னொருத்திக்கு இல்லை. ஒவ்வொருத்தியையும் பார்த்து வரைந்திருக்கிறார். பன்றிகளை வரிசையாக வையுங்கள். ஒன்றே மறுபடி மறுபடி வருகிறது. பார்க்காமலே வரையலாம். (பன்றியின் சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை. விவிலியத்தில் கதரேனர் நாட்டில் பேய்களை ஏற்றுக் கடலில் விழுந்த நாளிலிருந்து அதற்கு இந்தக் கதிதான்.)

முகமே வரையாமல் ஒரு வழி இருந்தது. அதற்குப் போகுமுன் ஒரு பழைய உருவத்தைப் பார்த்துவிடுவோம். 1787இல் இங்கிலாந்தின் அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்துக்காக ஜோசையா வெட்ஜ்வுட் தன் மட்பாண்டத் தொழிற்சாலையில் ஒரு பதக்கம் செய்தார். விலங்கிட்ட கறுப்பு மனிதன் ஒருவன் முழந்தாளிட்டுக் கைகூப்பிக் கேட்கிறான், நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா என்று. நிசேயாவுக்குச் சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து. கனவான்கள் பொடி டப்பாவில் பதித்தார்கள், சீமாட்டிகள் கூந்தல் ஊசியில் செருகினார்கள். நல்ல நோக்கம்தான், பயனும் தந்தது. மரியாதை மட்டும் முழந்தாளிட்டவனிடம் போகவில்லை. அணிந்தவரின் இளகிய மனதுக்குப் போயிற்று.

1968 பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி நசுங்கிச் செத்தார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மேயர் ஹென்றி லோப் அசையவில்லை. மார்ச் மாத ஊர்வலத்துக்குக் கிளேபார்ன் ஆலயத்திலேயே அட்டைகள் அச்சாயின. வெள்ளை அட்டை, கொட்டை எழுத்து, நான்கே சொல், படம் கிடையாது: 'ஐ ஆம் எ மேன்.' நான் மனிதன். கேள்விக்குறி போய்விட்டது. இரண்டாம் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. அட்டையைத் தூக்கிய நூற்றுக்கணக்கானவர்கள் தேசியக் காவற்படையின் துப்பாக்கிமுனைக் கத்திகளை ஒட்டி ஒற்றை வரிசையில் நடந்தார்கள். எழுத்துக்கு மேலே ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு முகம் இருந்தது, அதைத் தூக்கியவனின் சொந்த முகம். மரியாதை பயணப்பட வேண்டிய தூரம் ஒரு சாண். மார்ட்டின் லூதர் கிங் இவர்களுக்காக அந்த ஊருக்கு வந்துதான் ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி, தொழிலாளர்களின் சங்கத்தை அங்கீகரித்தது. அந்த அட்டைகளின் மிகப் புகழ்பெற்ற புகைப்படத்தை எடுத்த எர்னஸ்ட் விதர்ஸ் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவந்தவர் என்பது அவர் இறந்த பிறகு, 2010இல் தெரியவந்தது. அட்டையின் பெருமை அதனால் ஒரு இம்மியும் குறையவில்லை. தலைவரின் படம் தலைவரோடு விழும். இதில் விழுவதற்கு ஒருவரும் இல்லை.

டக்ளஸின் படங்கள் பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் அருங்காட்சியகங்களில் சட்டத்துக்குள் தொங்கிவிட்டன. தொங்கட்டும். என் அச்சகத்தில் ஒருவர் வந்து இவற்றில் எதையாவது அடித்துத் தரக் கேட்டால் என் பதில் இது. பன்றியை அடிக்க மாட்டேன், எத்தனை ரூபாய் கொடுத்தாலும். நாற்காலிப் படத்தைக் கூலி வாங்கிக்கொண்டு அடிப்பேன், என் பெயரை அடியில் போட மாட்டேன். பையேந்திய தாயை இரண்டு வண்ணத்தில், மை தாராளமாக விட்டு, என் பெயர் போட்டு அடிப்பேன். மெம்ஃபிஸ் அட்டைக்குக் கூலி வாங்க மாட்டேன்.